கிளிப் போடுவதற்கு முன்

அன்புள்ள குமரேசா,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு வழக்கமான காரணங்களே. ராஜியின் கல்யாணத்தில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். பஞ்சு மாமா மட்டும் பந்தி முடியும்வரை யாரையும் விசாரிக்கவில்லை.

நகம் கடித்துக் கடித்தே உன் மகனின் முகம் கோணிவிடும் என்று அத்தை பயமுறுத்துவதாக எழுதியிருந்தாய். என் மகளுக்கும் அதே பழக்கம் என்பதால், அவளைப் பல் மருத்துவரிடம் காட்டியபோது இதையும் கேட்டேன். பல்லையும் தாடை எலும்பையும் இடம்மாற்றுவது பலமான கடி அன்று, மெல்லியதானாலும் மணிக்கணக்கில் நீடிக்கும் அழுத்தமே என்றார். இரவெல்லாம் கட்டைவிரல் சூப்பும் பிள்ளைக்குத்தான் மேல்தாடை குறுகும், முன்பற்கள் துருத்தும், பற்களைச் சேர்த்துக் கடித்தாலும் முன்னால் இடைவெளி நிற்கும். விட்டுவிட்டு நகம் கடிப்பதால் முகம் அப்படி மாறிவிடுவதில்லை. ஆகவே அத்தையைச் சமாதானப்படுத்து.

ஆனால் நீ நிம்மதியாக இருந்துவிடாதே. கண்ணாடி முன் நின்று, காதுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு, நகம் கடிப்பதுபோல் செய்து பார். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் விளிம்போடு விளிம்பு சேர்வதற்காகக் கீழ்த்தாடை முன்னே நழுவுவதும், விரலுக்கடியில் மூட்டு நகர்வதும் தெரியும். நாள்தோறும் பலமுறை இப்படி இழுபட்டால் தாடைத் தசையில் வலியும், வாய் திறக்கையில் ‘டக்’கென்ற சத்தமும் வரக்கூடும். புதிதாக முளைத்த முன்பல்லின் விளிம்பு மேடுபள்ளமாக இருப்பது இயல்புதானாம். என் மகளுக்கோ அதன் ஓரத்தில் குருணையளவு சில்லு பெயர்ந்திருப்பதை அவர் சிறு கண்ணாடியில் காட்டியபோது எனக்குப் பகீரென்றது.

காலாண்டு விடுமுறையில் உன் மகனுக்குக் கிளிப் போடப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் இவ்வளவும். மேல் முன்பல் 7, 8 வயதில் முளைத்தாலும் அதன் வேர் முற்ற மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். கிளிப் பல்லை நகர்த்தும்போது வேர்நுனி சிறிது கரைவதுண்டு. நகம் கடிப்பவர்களுக்கு அது அதிகமாகலாம், கரைந்த வேரோ மறுபடி வளராது. ஆகையால் பழக்கத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, எக்ஸ்ரேயில் வேரைப் பார்த்தபின் நாள் குறி.

வேப்பெண்ணெய் தடவுவதை நம்பாதே. என் மகள் அந்தக் கசப்புக்கே பழகிவிட்டாள். நகத்தை ஒட்ட வெட்டுவதும், டிவி பார்க்கையில் கைக்கு வேலை கொடுப்பதும் ஓரளவு பலிக்கின்றன. பிள்ளையைத் திட்டாதே. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியன்று உன் பத்து விரல்களையும் பார்த்தவன் நான்.

தங்கைக்கு என் அன்பைச் சொல். எக்ஸ்ரே எடுத்ததும் எழுது.

அன்புடன்,
சேது