குடியிருக்கிறவங்கள எழுப்பத் தடை போட்டா வாடகைக்கு வீடே கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2025 நவம்பர்ல இலங்கையில டித்வா புயல் வந்த பிறகு வாடகை கட்டாட்டியும் யாரையும் வீட்ட விட்டு எழுப்பக்கூடாதுன்னு தடை போடணும்னு எங்க பக்கம் சிலபேர் பேசுறாங்க. மண்சரிவுல லயம் (தோட்டத்து வரிசை வீடு) போன குடும்பத்த திரும்ப ரோட்டுல நிறுத்துறது பாவம்தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல, ஆனா அந்தப் பாரத்த யார் தலையில வைக்கிறம்னு கொஞ்சம் யோசிங்க.

ஹட்டன், பண்டாரவளை டவுன்ல வாடகைக்கு விடுற நெறைய பேர் பெரிய முதலாளிமார் இல்ல. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசுல வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் இழுத்துக் கட்டுனவங்க, பேங்க்ல லோன் எடுத்து மேல்மாடி போட்டவங்க, ரிட்டயர் ஆன டீச்சர்மார். வாடகை நின்னா லோன் தவணை நிக்குமா? கரண்ட் பில்லும் ஓனர் பேர்லதானே வருது.

எங்க பக்கத்து வீட்டு அக்கா மேல்மாடிய வாடகைக்கு விட்டாங்க, வந்தவங்க காசும் குடுக்காம எழும்பவும் மாட்டம்னு நின்னு, கோட்ஸ், லோயர்னு அலைஞ்சு அலைஞ்சு ஒருவழியா வீட்ட எடுத்தாங்க, இப்ப அந்தக் கதவுக்குப் பெரிய பூட்டு, உள்ள விதைக் கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கு. நியமனம் கிடைச்சு வந்த ஒரு டீச்சர் பிள்ளை ரூம் கேட்டு வந்துச்சு, முடியாதுன்னுட்டாங்க. அக்காவ குறை சொல்ல எனக்கு மனசு வரல்ல.

இது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்லையே. 1972 வாடகைச் சட்டம் வாடகைய கட்டுப்படுத்தி, குடியிருக்கிறவர எழுப்புறதையும் பெரும் பாடாக்குச்சு, அதுக்குப் பயந்தே வீட்ட சும்மா பூட்டி வச்சவங்க உண்டு, குறைஞ்ச வாடகைக்கு ஏன் செலவழிக்கணும்னு ஒழுகுற கூரைய அப்படியே விட்டவங்களும் உண்டு. அமெரிக்காவுல கொரோனா நேரம் 2020 செப்டம்பர்ல நாடு முழுக்க தடை போட்டாங்க, 2021 ஆகஸ்ட்ல அவங்க உச்ச நீதிமன்றம் அத நிப்பாட்டுச்சு. வாடகை பாக்கிக்குன்னு 4,600 கோடி டாலருக்கு மேல ஒதுக்குனாங்க, ஆனா தடை முதல்ல, காசு பிறகு, அது கைக்கு வரும்வரைக்கும் சின்ன ஓனர்மார்தான் இழுத்துப் புடிச்சாங்க.

அதனால தடைக்குப் பதிலா, பாதிக்கப்பட்ட குடும்பத்தோட வாடகைய அரசாங்கமே மாசாமாசம் நேரா வீட்டுக்காரர் பேங்க் கணக்குக்குப் போடட்டும், கிராம சேவகர் உறுதிப்படுத்தட்டும், எத்தனை மாசத்துக்குன்னு முதல்லயே எழுத்துல குடுக்கட்டும். வாடகைத் தகராறு வழக்க வருசக்கணக்கா இழுக்காம முடிச்சும் குடுக்கணும். இவ்வளவும் செஞ்சா அந்த அக்காகிட்ட பூட்ட தொறக்கச் சொல்லி நானே போய்ப் பேசுறன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹட்டன்.