ரைசர் போடும் முன் கேபிளைப் பாருங்கள்!

ஆசிரியருக்கு,

சாதாரண பைக்கை வீட்டிலேயே அட்வென்சர் பைக்காக (கரடுமுரடான பாதையிலும் ஓட்டும் பைக்) மாற்றும் ஆசை சேலத்து இளைஞர்களிடம் பரவி வருகிறது. டயர், கிராஷ் கார்டு மாற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை. வில்லங்கம் ஹேண்டில்பாரில்தான். அதன் அடியில் ரைசர் என்னும் உயர்த்துக் கட்டை வைத்து ஒன்றரை அங்குலம் உயர்த்தினாலே ஆக்சிலேட்டர் கேபிளும் முன் பிரேக் ஹோஸும் நீளம் பத்தாமல் விறைத்துக்கொள்ளலாம். நேர்ச்சாலையில் இது தெரியாது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டிலை ஒடிக்கும்போது கேபிள் இழுபட்டு, முறுக்காமலே இன்ஜின் சீறும். வண்டி தடுப்புச் சுவரைப் பார்த்துப் போகும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் நீளமான கேபிள் போட்டே ஆகவேண்டும்.

பின் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பின் பல்சக்கரத்தில், 2 பல் கூட்டினால் ஏற்றத்தில் இழுவை கூடும். பழைய செயின் எட்டாமல் போகலாம். சஸ்பென்ஷனை உயர்த்துவோர் பலரும் சைடு ஸ்டாண்டை மறந்துவிடுகிறார்கள். அது குட்டையாகி, நிறுத்திய வண்டி இடப்பக்கம் சாய்ந்து விழலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஆர்.சி. விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. எவை செல்லும், எவை செல்லாது என்ற பட்டியலைப் போக்குவரத்துத் துறை தமிழில் ஒட்டிவைத்தால் நல்லது.

- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்