மாஸ்கோவுக்கு உண்மையான எதிரி நோவ்கோரோத் அல்ல, திவேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ரஷ்யச் சிற்றரசுகளின் போட்டியில் மாஸ்கோவுக்குப் பதிலாக நோவ்கோரோத் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்து தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். இத்தகைய கற்பனைகளை வீண்வேலை என்று ஒதுக்குபவன் அல்லன். நடந்தது ஏன் நடந்தது என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்கு அகப்பட்டதில்லை. ஆனால் பாதை எந்த இடத்தில் பிரிந்தது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். கட்டுரையாளர் வேறு இடத்தைப் பிடித்துவிட்டார் என்றே கருதுகிறேன்.

நோவ்கோரோத் மக்கள் 1136-இல் தங்கள் இளவரசரை வெளியேற்றியதும், அதன்பின் வேச்சே என்னும் ஊர்ச்சபை கூடித் தமக்கு வேண்டிய இளவரசரை நிபந்தனைகளோடு அமர்த்தியதும் உண்மையே. 1951 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து கிடைத்துவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிர்ச் மரப்பட்டை ஓலைகளில் கடன் கணக்கும் வழக்கும் குடும்பப் பேச்சும் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்நகரின் மேல் ஆசை வரும். ஆனால் அந்த நகரம் விரும்பியது வடக்குக் காடுகளின் மென்மயிர்த் தோலும் மெழுகும், அவற்றை வாங்க வரும் ஹன்சா என்ற வட ஜெர்மானிய நகரக் கூட்டணியின் வணிகர்களும், தன் விவகாரத்தில் மூக்கை நுழைக்காத ஓர் இளவரசரும்தான். சோற்றுக்கே அது பிறரை நம்பியிருந்தது. தெற்கிலிருந்து தானியம் வரும் வழியில் தோர்ஷோக் என்ற ஊர் இருக்கிறது. 1312-இல், மாஸ்கோவின் போட்டி அரசான திவேரின் இளவரசர் மிகயீல் யாரொஸ்லாவிச் அந்த ஊரைப் பிடித்துத் தானியத்தை நிறுத்தியபோது, 1,500 கிரிவ்னா வெள்ளி கொடுத்தே நோவ்கோரோத் சமாதானம் வாங்கியது. வயிற்றைப் பிறர் பிடியில் வைத்திருந்த நகரத்துக்குப் பேரரசுக் கனவு ஏது?

ஆக, கேட்க வேண்டிய கேள்வி திவேரைப் பற்றியது. வோல்கா கரையிலிருந்த அவ்வரசு, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோவைவிட வலுவாகவே இருந்தது. ரஷ்ய இளவரசர்களுக்குள் தலைமையைக் குறித்த விளாதிமிர் பெருங்கோமகன் என்ற பட்டத்தையும், அவர்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருந்த மங்கோலிய கானிடமிருந்து மிகயீல்தான் பெற்றிருந்தார். மாஸ்கோ இளவரசர் யூரி, அடுத்து மங்கோலிய கானான உஸ்பெக்கின் தங்கை கொன்சாகாவை மணந்து பட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஆயினும் 1317 டிசம்பரில் போர்த்தெனெவோவில் நடந்த சண்டையில் மிகயீல் அவரைத் தோற்கடித்து, கொன்சாகாவையும் சிறைபிடித்தார். களத்தில் வென்ற திவேருக்குக் கேடு வந்தது அந்தச் சிறையால்தான். கொன்சாகா திவேரிலேயே இறந்தார், மிகயீல் நஞ்சு வைத்தார் என்று யூரி குற்றம் சாட்டினார், 1318-இல் கானின் முகாமில் மிகயீல் கொல்லப்பட்டார். கற்பனை வரலாறு எழுதுபவர் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்: அந்தப் பெண் உயிரோடு திரும்பியிருந்தால்?

அதற்கும் பிறகு திவேருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, அதுவும் ஒரு குதிரையால் போயிற்று. 1327 ஆகஸ்ட் 15 அன்று காலை, தூத்கோ என்ற தேவாலய உதவிகுரு ஒருவர் தம் கொழுத்த இளம் பெண்குதிரையை வோல்காவில் தண்ணீர் காட்ட ஓட்டிச் சென்றார். படையோடு திவேரில் தங்கியிருந்த, கானின் உறவினரான சோல் கானின் ஆட்கள் அதைப் பறித்தார்கள். அவர் ஊராரை நோக்கிக் கூவினார். நகரமே எழுந்து அப்படையை அழித்தது என்கிறது திவேர் நாளாகமம். பதிலுக்கு வந்த மங்கோலியப் படையோடு சேர்ந்து திவேரைச் சூறையாடியவர், யூரியின் தம்பி இவான் கலீதா. கலீதா என்றால் பணப்பை. இத்தனை செய்தும் 1328-இல் கான் பெருங்கோமகன் ஆட்சியை இரண்டாகப் பிரித்து, பாதியை மட்டுமே அவருக்குக் கொடுத்தார் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். யாரும் பெரிதாகத் தலையெடுக்கக் கூடாது என்பதே கானின் கணக்கு. வலுவாக இருந்ததால் திவேர் அடிபட்டது. தலை குனிந்து கப்பம் வசூலித்துக் கொடுத்ததால் மாஸ்கோ வளர்ந்தது.

திவேரின் தவறே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். திவேர் ஆயர் ஆந்த்ரேய், ரஷ்யத் திருச்சபையின் தலைவரான பேராயர் பியோத்தர்மீது கான்ஸ்தாந்திநோப்பிளுக்குப் புகார் அனுப்பினார். பெரெயஸ்லாவ்லில் கூடிய சபை பேராயரை விடுவித்தது. அந்தப் பேராயர் 1326-இல் இறந்து அடக்கமானது மாஸ்கோவில். திருச்சபையின் தலைமை இருக்கையும் அங்கேயே நிலைத்துவிட்டது. இதற்கு ஈடு கட்ட எந்தப் படையாலும் முடியாது.

திவேர் வென்றிருந்தால் மென்மையான ரஷ்யா பிறந்திருக்கும் என்று நம்பவும் எனக்குக் காரணம் இல்லை. நோவ்கோரோத்தின் தானியத்தை நிறுத்தியவர்கள்தானே அவர்கள்! மாறியிருக்கக்கூடியது மேற்கு எல்லை. மிகயீலின் பேத்தி உலியானா லித்துவேனியாவின் பெருங்கோமகன் அல்கிர்தாசை மணந்தவர். 1386-இல் போலந்தின் அரசரான யோகைலா அவர்களுடைய மகன். வலுவான திவேர் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால், யோகைலா போலந்தின் தலைநகரான கிராக்கோவைப் பார்த்துத் திரும்பியிருப்பாரா என்று கேட்பதில் பொருள் உண்டு.

குதிரையைப் பறிகொடுத்த திவேர்க்காரர் இன்னொருவர் நம் நாட்டுக்கே வந்திருக்கிறார். அந்நகரின் வணிகர் அஃபனாசி நிகித்தின், விற்பதற்காகக் கொண்டுவந்த குதிரையை ஜுன்னரில் அதிகாரியிடம் இழந்து, பின்பு மீட்டு, பாமினி சுல்தான்களின் பீதர் வரை சென்றார். திரும்பும் வழியில் ஸ்மொலென்ஸ்கை எட்டுமுன் இறந்தார். 1475-இல் அவருடைய குறிப்பேடு போய்ச் சேர்ந்தது தம் இளவரசரிடம் அல்ல, மாஸ்கோ பெருங்கோமகனின் எழுத்தர் வசீலி மமீரெவின் கையில். பத்து ஆண்டுகள் கழித்துத் திவேரும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை