சாலையைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவைப் பற்றி நான் தங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்கும் கோப்பில் இருக்கும் என்ற நம்பிக்கையில் முன்கதையை விட்டுவிடுகிறேன். போன புதன்கிழமை இரவு தெருவின் கிழக்குப் பாதிக்குப் புதுத் தார் போட்டுவிட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டவில்லை, அதன் தலைமேலேயே போட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு இருக்கும் மேற்குப் பாதி இன்னும் பாக்கி. ஜல்லி வாசலில் குவிந்து கிடக்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வருவோம். இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். வீடு ஒன்றும் புதையவில்லை. இதுவரை ஏழு முறை சாலை போட்டார்கள், முறைக்கு இரண்டரை அங்குலம் போல ஏறியது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை அடி.

சாலையை உயர்த்தும்போது மேன்ஹோல் மூடியையும் மறக்காமல் உயர்த்திவிடுகிறீர்கள். எங்கள் குளியலறை மட்டும் அப்பா காலத்து மட்டத்திலேயே இருக்கிறது. மழையில் தெருக் குழாய் நிரம்பினால் கழிவுநீர் ஏன் சிரமப்பட்டு மூடி வரை ஏற வேண்டும்? அதைவிடத் தாழ்வான வாய் ஒன்று எங்கள் வீட்டுக்குள் திறந்துதானே கிடக்கிறது.

சென்ற மழையில் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் களக் களக்கென்று சத்தம். வடிகால் ஓட்டையில் துணியைத் திணித்து, மேலே கருங்கல்லை வைத்தேன். கல்லைச் சுற்றிக் கறுப்பாகக் கசிந்துகொண்டே வந்து, அரை மணி நேரத்தில் கூடத்துக்கு வந்துவிட்டது. 81 வயது அம்மா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "மாத்திரை டப்பாவ மேல எடுத்து வச்சிருப்பா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. விடியும்வரை குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினேன். வாளியை எங்கே கொட்டுவது? தெருவில்தான். அது திரும்பி உள்ளேதான் வரும்.

தண்ணீர் வடிந்தாலும் ஓதம் வடிவதில்லை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருக்கிறது, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி நெறிகளில் சொல்லிவிட்டது. என் மகளின் இன்ஹேலர் அதைப் படிக்காமலே தெரிந்துகொண்டது.

குடிநீரும் இதோடு சேர்ந்த கதைதான். தண்ணீரை நாள் முழுக்க விடாமல் சில மணி நேரமே விடும்போது, நின்ற பிறகு குழாயில் அழுத்தம் விழுகிறது. பழைய குழாயில் விரிசல் இருந்தால், சுற்றித் தேங்கிய சாக்கடையை அதுவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். தொட்டியில் அளந்த கணக்கைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். எங்கள் தெருக்கோடிக் குழாயில் வந்து அளக்கச் சொல்லுங்கள்.

நேரில் வந்து முறையிட்டபோது தங்கள் அலுவலர் ஒருவர், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். சாலையைத் தாழ்த்தச் சொன்னால் வீட்டை உயர்த்தச் சொல்கிறீர்கள். தூக்குகிறோம் ஐயா. ஒன்பதாவது, பத்தாவது சாலைக்கும் சேர்த்து இப்போதே எத்தனை அடி என்று சொல்லிவிட்டால், ஜாக்கியை ஒரேயடியாக வாடகைக்கு எடுத்துவிடலாம். பழைய பகுதி என்றால் இடிபடக் காத்திருக்கும் பகுதி என்று நினைப்பு போலிருக்கிறது. வேப்பமரத்தின் அடியைக் கழுத்து நெரிப்பதுபோலச் சிமெண்டால் இறுக்கியதும் அந்த நினைப்பில்தான், தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியாததும் அந்த நினைப்பில்தான், வரி ரசீது மட்டும்...

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மேற்குப் பாதியில் தார் போடுமுன் பழைய சாலையைச் சுரண்டி எடுங்கள். எடுத்த ஆழத்துக்கே புதியதைப் போடுங்கள். சுரண்டிய தார்க்கலவை வீணாவதில்லை, புதுக் கலவையில் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். இயந்திரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. போன மாதம்தான் இரண்டு தெரு தள்ளி, தங்கள் வாகனம் தினமும் போகும் பெரிய சாலையை அழகாகச் சுரண்டிப் போட்டார்கள். அங்கே ஓரக்கல் ஓர் அங்குலம்கூடப் புதையவில்லை. நானே அளவுநாடாவோடு போய்ப் பார்த்தேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒருமுறை தாங்களே நேரில் வந்து பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசலில் படி கீழே இறங்கும். பார்த்துக் காலை வையுங்கள்.

இப்படிக்கு,
மேற்குப் பாதியில் குடியிருப்பவன்