மெக்காலே மேற்கோளும் நேற்றைய வாக்குவாதமும்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ தாம் காணவில்லை என்று ஆங்கிலேய அரசியல்வாதி மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாகச் சொல்லும் படம் நேற்று மீண்டும் இங்கே பகிரப்பட்டு, அதையொட்டி எழுந்த வாக்குவாதம் நள்ளிரவைத் தாண்டியும் நீண்டு, இருவர் குழுவை விட்டே விலகிவிட்டனர்.

1834-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட மெக்காலே, அந்தத் தேதியில் லண்டனில் அல்ல, கல்கத்தாவில் தலைமை ஆளுநரின் ஆலோசனைக் குழு உறுப்பினராக இருந்தார். அந்த நாளிட்டு அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்புரை. நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரி, இந்தியா மற்றும் அரேபியாவின் இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்பது அதில் உள்ள கருத்து. (அவரைக் கண்டிக்க விரும்புவோருக்கு அதுவே போதும், பொய் மேற்கோள் எதற்கு?)

இனி வரலாறு, பண்பாடு பற்றிய பதிவை அனுப்புவோர், அது எந்த நூலில் அல்லது ஆவணத்தில் உள்ளது என்பதையும் சேர்த்தே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி பல கை மாறி வந்தது என்பதால், அதற்கு இவ்விதி கண்டிப்பாகப் பொருந்தும். ஆதாரம் கேட்பவரைத் துரோகி என்று ஏசும் பதிவுகள் உடனே நீக்கப்படும். விலகிய இருவரிடமும் பேசி வருகிறோம்.

– குழு நிர்வாகிகள்