காதல் நாவல்களைப் பூட்டச் சொன்ன வாசகர் வட்டத்தாருக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் படித்தேன். கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துப் போகும் காதல் நாவல்களைத் தனி பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும், கேட்டு வருகிற பெண்பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் கொடுக்க வேண்டும், காலியாகும் இடத்தில் போட்டித் தேர்வு நூல்களை அடுக்க வேண்டும் என்று இருந்தது. போட்டித் தேர்வு நூல்கள் தாராளமாக வரட்டும். மற்ற இரண்டையும் பற்றித்தான் இந்த மடல். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. கோத்தகிரிப் பக்கம் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கடையில் ஒரு ஓரமாகப் பழைய மாத நாவல்களை அடுக்கி வாடகைக்கும் விடுகிறேன். இவளுக்கு வியாபாரக் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். நூலகத்தில் பூட்டுப் போட்டால் என் கடைக்குத்தான் கூட்டம் வரும், சார்.

திரும்பி வருகிற புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கி வைப்பேன், கிழிசல் இருந்தால் ஒட்ட வேண்டுமே. எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதும் அப்போது கண்ணில் படும். நாயகனும் நாயகியும் மழைக்கு ஒதுங்கி நிற்கிற பக்கம் பெரும்பாலும் புதுசாகவே இருக்கும். ஒரு நாவலில், நாயகி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பாள். நேரம் பார்த்து அத்தை உள்ளே நுழைவாள். ‘என்னடி, பேச்சு நின்னு போச்சு?’ ‘உப்பு போதுமான்னு கேட்டேன் அத்தை.’ அவ்வளவுதான் காட்சி. அந்தப் பக்கம் பல கை பட்டு, மடிப்பிலேயே கிழிந்து, இப்போது என் செல்லோடேப்பில் நிற்கிறது. இன்னொன்றில், மாப்பிள்ளை வீட்டார் வந்து போன ராத்திரி அப்பா சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தில் ஊட்டி பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளத்துக்கு வைத்து, எடுக்க மறந்தே திருப்பிக் கொடுத்திருந்தாள் ஒரு பெண்.

இவர்கள் படிப்பது குடும்பக் கதை. காதல் அதற்குள் நுழைய ஒரு வாசல். ஒருவனைப் பிடித்துப்போவது எப்படி என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் புத்தகம் எழுதிச் சொல்லித்தர வேண்டாம். பிடித்ததை யாரிடம் முதலில் சொல்வது, சொன்ன பிறகு அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தீராத வீட்டில் தன் ஆசையைப் பேச்சில் எடுக்கவாவது முடியுமா, இதெல்லாம்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அந்த வயதில் கையில் சொந்தக் காசு கிடையாது. தனி அறையும் கிடையாது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டில் போன் பேச வேண்டுமென்றால் குழாயடிக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் நாலு பேர் நிற்பார்கள். மேல்நாட்டு இளைஞர் கதைகளில் நாயகி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். இங்கே சாத்துவதற்குக் கதவு வேண்டுமே. அதனால்தான் நம் கதைகளில் மாமாவும் சித்தியும் பாட்டியும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் கதை முப்பது பக்கத்தில் முடிந்துபோகும். வாசிக்கவும் ஆள் இருக்காது.

வட்டத்தில் தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள். சங்கப் புலவர் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அத்தனையும் நாயகியின் தோழி, அவளை வளர்த்த செவிலித்தாயிடம் பேசும் பேச்சு. பெண் மெலிந்துகொண்டே போகிறாள். வீட்டார் காரணம் புரியாமல் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், குறி கேட்கிறார்கள். தோழி மெதுவாக ஆரம்பிக்கிறாள்: தினைப்புனத்தில் நாய்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன, அப்புறம் யானை வந்தது, ஒருவன் காப்பாற்றினான். எவ்வளவு பக்குவம்! எடுத்த எடுப்பில் காதல் என்று சொன்னால் அம்மா எகிறுவாள் என்று தெரிந்தவள் அவள். தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி பெற்ற தாய்க்குச் சொல்ல, தாய் அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் தெரிவிப்பாள். இந்த வரிசைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று துறைப்பெயரே இருக்கிறது. நாம் பிள்ளைகளுக்கு அதிலுள்ள 99 பூக்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கதையைக் கோட்டை விடுகிறோம். அன்றைக்குப் பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காவல் போட்டார்கள், இன்றைக்கு செல்போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். கபிலர் திறந்த அலமாரியில் இருக்கலாம், மாத நாவல் பூட்டிய பீரோவுக்குப் போக வேண்டும் என்றால் என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் உயர்ந்த எழுத்து என்று நான் வாதாட வரவில்லை. பாதிக்கு மேல் வெறும் சக்கைதான். ஆனால் இந்த வகையே மட்டம் என்று ஒதுக்குவதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி குடும்பக் கதைகளால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவர். 1984இல் சாகித்திய அகாதெமி விருதும் அவருக்கு வந்தது.

என் கோபம் வேறு. இந்த நாவல்களில் ஊட்டி வராத கதை குறைவு. ஆனால் வருவதெல்லாம் பங்களாவும் பனியும் தேனிலவும். நாயகன் எஸ்டேட் முதலாளி. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு முழு நாவலிலும் ஒரு வசனம் இருக்காது, வணக்கம் சொல்வார்கள், போவார்கள். இங்கே நிறையப் பேர் ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்துப் பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுக்கிறவர்கள். இலை விலை இறங்கினால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்ட லைன்களுக்குப் போய்ப் பாருங்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு பிரித்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே வந்த குடும்பங்கள். அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று பிரிந்துபோனவர்கள் அதில் உண்டு. இதைவிடப் பெரிய குடும்பக் கதை எது? அப்படி வந்த ஒரு பாட்டியின் பேத்தி இன்று கல்லூரிக்குப் போகிறாள், படிக்கிறாள். அவளை நாயகியாக வைத்து ஒரு காதல் நாவல் வந்தால் என் கடையில் ஒரு பிரதி தாங்காது.

இன்னொரு கோபமும் உண்டு. ‘ஆன்ட்டி ஹீரோ’ கதை என்று ஒரு ரகம் வருகிறது. நாயகன் அறைவான், கடத்துவான், மிரட்டித் தாலி கட்டுவான், கடைசி அத்தியாயத்தில் அதெல்லாம் அன்பு என்று ஆகிவிடும். படிக்கவே எரிச்சலாக வரும். உங்கள் தீர்மானத்துக்குக் காரணம் இதுதான் என்றால் உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பூட்டு இதற்கு உதவாது. அந்தக் கதைகள் போனில் கிடக்கின்றன. பிரதிலிபி என்கிற கதை ஆப்பைத் திறந்தால் காசில்லாமலே நிறையப் படிக்கலாம். அங்கே அவள் என்ன படித்தாள், எதை நம்பினாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நூலகத்தில் எடுத்தால் ஒரு வார்த்தை பேசவாவது வழி உண்டு. ‘இவனை ஏண்டி மன்னிச்சா?’ என்று என் கடையில் நான் கேட்பேன். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘மன்னிக்கலைன்னா எங்கே போவா அக்கா, அம்மா வீட்லயும் சேர்க்கலையே’ என்றாள் ஒருத்தி. இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் இல்லை, உங்கள் வாசகர் வட்டம்.

அப்புறம் அந்தக் கையெழுத்து விஷயம். ஓட்டுப் போடும் வயதை 21இலிருந்து 18க்கு இறக்கியது 1989இல். நாட்டுக்கு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிற பெண் ஒரு மாத நாவலுக்கு அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். பையன்களுக்கு அந்த விதி ஏன் இல்லை என்றும் தீர்மானத்தில் தேடிப் பார்த்தேன். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரி கட்டும்போது அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். இந்தப் பிள்ளைகளின் வீடுகளும் கட்டுகின்றன, நூலகத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது இவ்வளவுதான். தீர்மானத்தில் அந்த இரண்டு வரியையும் அடுத்த கூட்டத்தில் எடுத்துவிடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த நாவல்களில் ஒன்றை எடுத்துப் பேசுங்கள், படித்த பிள்ளைகளைப் பேச விடுங்கள், திட்டுவதாக இருந்தாலும் நாவலைப் படித்துவிட்டு வந்து திட்டுங்கள். புத்தகம் வாங்கப் பணமில்லை என்றால் என் அலமாரியிலிருந்து நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு தருகிறேன், பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். டேப் ஒட்டியதும் அதில் இருக்கும். கூட்டத்தை மட்டும் மதியத்துக்கு மேல் வையுங்கள், ஞாயிறு காலையில் எனக்குக் கடை உண்டு.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்காரி