செனகல் கிராமங்களின் முன்மாதிரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கான உதவி என்றாலே கிணறும் கட்டடமும் பேசப்படும் நிலையில், செனகலில் 1991ஆம் ஆண்டு மோலி மெல்ச்சிங் நிறுவிய தொஸ்தான் அமைப்பின் கல்விப் பணியைப் பற்றியும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும். ஊர்மக்களின் தாய்மொழியிலேயே உடல்நலம், மனித உரிமை, எழுத்து, கணக்கு ஆகியவற்றைக் கற்பிக்கும் அதன் வகுப்புகளில் பயின்ற மலிகுண்டா பம்பாரா கிராமப் பெண்கள், பெண்ணுறுப்புச் சிதைப்பைக் கைவிடுவதாக 1997இல் தாங்களே பொதுவில் அறிவித்தனர். அதைத் தடைசெய்யும் சட்டம் 1999இல்தான் வந்தது. திருமண உறவுகள் பல ஊர்களைப் பிணைப்பதால் ஓர் ஊர் மட்டும் மாறினால் போதாது என்று உணர்ந்த இமாம் தெம்பா தியாவாரா, உறவினர் வாழும் ஊர்களுக்கு நடந்தே சென்று பேசியதை (என் பார்வையில் இதுவே இப்பணியின் உயிர்நாடி) நிதி வழங்குவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், மதுரை